செவலைக்குச் சொன்ன கடல்

யோகப்பிரியா ஒரு ராத்திரி வெளியே தங்கப்போகிறாள் என்ற செய்தி அந்தத் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் பால் சங்கம் முழுக்கப் பரவிவிட்டது. பால் ஊற்ற அவளுக்குப் பின்னால் நின்ற பழனிச்சாமிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏனம்மிணி, நாப்பது கிலோமீட்டர் போயி ரூம் எடுத்துத் தூங்கோணுமாக்கும்? உன்ற ஊட்டுல பாய் இல்லியா?"

"பாய் இருக்குதுங்கண்ணா. பாய்ல அலை வர்றதில்லீங்க" என்றாள் யோகப்பிரியா.

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். காலிப் போசியை வாங்க மறந்து இரண்டடி நடந்து, திரும்பி வந்தாள்.

பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துப் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தென்னைகளுக்கு நடுவில் இருந்தது அவள் வீடு. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து பதினொரு வருசம். பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் நீங்கலாக, இந்தப் பதினொரு வருசத்தில் அவள் வேறெங்கும் படுத்து எழுந்ததே கிடையாது. பிறந்த வீடு பன்னிரண்டு கிலோமீட்டர்தான். போனால் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவிய ஈரத்தோடு கிளம்பிவிடுவாள். தம்பி கல்யாணத்தில்கூட, தாலி கட்டி முடிந்ததும் மணமேடையில் ஒரு போட்டோவுக்கு நின்றாள், அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுச்சாளைக்குள் உட்கார்ந்தாள். அதிகாலை நாலரைக்கு ஒரு கறவை, மத்தியானம் இரண்டரைக்கு ஒரு கறவை. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

மொத்தம் நாலு கறவை மாடுகள். வெள்ளச்சி முதலான மூன்றுக்குப் பிரச்சினை இல்லை, யார் உட்கார்ந்தாலும் கறக்கும். நாலாவதுதான் செவலை. பிறந்து மூன்றாம் நாள் அதன் தாய் பாம்பு கடித்துச் செத்துப்போக, யோகப்பிரியாதான் பாட்டிலில் பால் புகட்டி வளர்த்தாள். வளர்ந்த பிறகு அது அவளைத் தவிர யாருக்கும் பால் விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அவள் உட்கார்ந்தால் மட்டும் போதாது, பேசவும் வேண்டும். முந்தின கறவைக்குப் பிறகு என்னென்ன நடந்தது, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், மாமியார் பூவாத்தாளுக்கு முட்டிவலி எப்படி, மகன் கிருத்திக் ஸ்கூலில் யாரைக் கடித்தான், எல்லாம் சொல்லவேண்டும். ஊர்க்கதை நின்றால் பாலும் நின்றுவிடும். இப்படி ஒரு மாடு உண்டா என்று கேட்பவர்கள் வந்து பார்த்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இந்த நிலைமையில்தான் பத்து வயது மௌனிகா அப்பாவின் போனில் அலைமலையைக் கண்டுபிடித்தாள். பாலக்காடு தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற தண்ணீர்ப் பூங்கா. உள்ளேயே தங்குகிற ஹோட்டல். சாதாரணமாக நம்மால் ஆகிற காரியமில்லை. ஆனால் அந்தப் பெண் இரண்டு மாதம் உட்கார்ந்து, போய்வந்தவர்கள் எழுதிவைத்த அத்தனையையும் வாசித்து வழி கண்டுபிடித்திருந்தாள். கர்க்கடக மாதம் மழைக்காலம், யாரும் வரமாட்டார்கள், அதனால் திங்கட்கிழமைகளில் ரூம் பாதி விலை. ரூம் எடுத்தால் இரண்டு நாளும் தண்ணீரில் இறங்கத் தனி டிக்கெட் வேண்டாம். காலைப் பலகாரம் ரூம் வாடகையிலேயே சேர்த்தி. நூற்றிப்பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு எல்லாமே இலவசம். பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோகக்கூடாது, ஆனால் ரூமுக்குள் கொண்டுபோவதை யாரும் தடுப்பதில்லை. நைலான் துணி போட்டால்தான் தண்ணீரில் விடுவார்கள், அங்கே வாடகைக்கு எடுப்பதற்குப் பதில் சித்தூர்ச் சந்தையிலேயே வாங்கிவிடலாம். இவ்வளவையும் அப்பன் சிவப்பிரகாஷை உட்காரவைத்து, வக்கீல் மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிவப்பிரகாஷ் போனை வாங்கி ரூம் விலையைத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அம்மா வரலீன்னா நானும் போகல" என்று கடைசியில் ஒரு குண்டையும் போட்டாள்.

அதைக் கேட்டதும் மாமனார் அப்புசாமிக்கு ரோசம் வந்துவிட்டது. அவருக்கு வயது அறுபத்தெட்டு. மீசையை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை கவனிப்பார். போனில் பேசுகிற ஒவ்வொரு பேச்சையும் தானாகப் பதிவாகும்படி வைத்திருப்பார். ஒரு தேங்காய் வியாபாரி சொன்ன விலையைச் சொல்லவே இல்லை என்று சாதித்ததிலிருந்து அந்தப் பழக்கம்.

"நாப்பது வருசம் மாட்டோட பொழங்குனவன் நான். ஒரு செவலைக்குப் பயந்துட்டு ஊட்டுல உக்காரோணுமா? நீ போ அம்மிணி. ரெண்டு கறவை, நான் பாத்துக்கறேன்" என்றார்.

யோகப்பிரியா கணக்குப் பார்த்தாள். திங்கட்கிழமை காலை அவளே கறந்துவிடலாம். மத்தியானம் ஒன்று, செவ்வாய் காலை ஒன்று, செவ்வாய் மத்தியானம் ஒன்று. மாமனார் சொன்னது மாதிரி இரண்டல்ல, மூன்று. போன வருசம் ஒரே ஒரு வேளை கறவை தவறியதில் செவலைக்கு ஒரு காம்பு வீங்கி, மடிநோய் கண்டு, டாக்டர் நாலு நாள் வந்து ஊசி போட்டதை அவள் மறக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள். ஒரு வேளை தப்பினாலும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவது என்று மனசுக்குள் ஒரு தீர்மானம் போட்டுக்கொண்டாள்.

ஹோட்டலில் டீக்குப் பால்பொடிதான் தருவார்களாம், அதையும் மௌனிகா வாசித்திருந்தாள். நாலு மாடு வைத்திருக்கிறவள் பால்பொடி டீ குடித்தால் ஊர் காறித் துப்பும். காலைப் பாலில் ஒரு லிட்டரைக் காய்ச்சித் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டாள். எலுமிச்சஞ்சாதம் ஒரு டப்பா. மற்றவர்களுக்கு நைலான் பேண்ட், டி-ஷர்ட். தனக்கு மட்டும் எதுவும் வாங்கவில்லை. செருப்பு, துண்டு, போன் எல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமல்லவா?

அலைமலை வாசலில் ஒட்டகச்சிவிங்கிப் படம் வரைந்து, அதன் கழுத்தில் அளவு குறித்திருந்தார்கள். "முட்டிய மடக்கி நில்லு சாமி" என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் யோகப்பிரியா மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கிருத்திக் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, மடக்கி மடக்கித் தரையோடு உட்கார்ந்தேவிட்டான். டிக்கெட் கொடுக்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு, "மோனே, நேரே நில்லு" என்றாள். நேராக நின்றான். நூற்றியொன்பது. பொய்யே தேவைப்பட்டிருக்கவில்லை. யோகப்பிரியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெரிய சறுக்குக்கு நூற்றிப்பத்து வேண்டும் என்று தெரிந்தபோது, அதே பையன் குதிகாலைத் தூக்கி நின்று அழுதது தனிக் கதை.

உள்ளே வரவேற்பறையில் ஒரு தட்டில் நாலு கண்ணாடி டம்ளர் எலுமிச்சைச் சாறு வந்தது. யோகப்பிரியா திரும்பிப் பார்த்தாள், பின்னால் யாரும் இல்லை.

"நிங்களுக்குத்தான் சேச்சி" என்றான் கொண்டுவந்தவன்.

அவள் வீட்டுக்கு வருகிற ஒறம்பரைக்கு அவள்தான் தண்ணீர் கொடுப்பாள். விருந்தாளி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன் சொம்பை அடுத்த ஆளிடம் நீட்டியிருப்பாள். இப்போது அவள்தான் ஒறம்பரை. டம்ளரை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே குடித்து, காலி டம்ளரைக் கழுவுவதற்கு இடம் தேடினாள். சிவப்பிரகாஷ் மெல்ல அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான்.

மூன்றாம் மாடியில், கடைசியில், இருக்கிறதிலேயே மலிவான ரூம். கதவைத் திறந்ததும் யோகப்பிரியா வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்படியொரு வெள்ளையை அவள் பாலில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். கட்டிலில் விரித்திருந்த துணியில் ஒரு சுருக்கம் கிடையாது. பிள்ளைகள் இரண்டும் ஒரே தாவலில் அதன் நடுவில் விழுந்தன. அவள் மட்டும் கையை முகர்ந்து பார்த்துக்கொண்டாள். காலையில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்திருந்தாள், இருந்தாலும் சந்தேகம். உட்கார மனசு வரவில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். அடுப்பு இல்லை, விறகு இல்லை, சுடுதண்ணீர் கொட்டியது. அதற்குக் கீழே கையை நீட்டி ரொம்ப நேரம் நின்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலை. மலைக்குக் கீழே, பெய்துகொண்டிருந்த சாரலுக்குள், நீலமாக ஒரு பெரிய தண்ணீர்.

கிழக்குப் பாலக்காட்டு ஆட்களுக்குத் தண்ணீர் என்றால் என்ன என்று மேற்கே இருப்பவர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. கேரளம் முழுக்க மழை கொட்டும்போது அங்கே மேகம் தலைக்கு மேலே வேடிக்கை காட்டிவிட்டுப் போகும். ஆளியாற்றுத் தண்ணீரை வாய்க்காலில் எப்போது விடுவார்கள் என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அவள் வீட்டு போர்வெல் தொள்ளாயிரம் அடி. கோடையில் மாட்டுத் தொட்டி நிறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த வீட்டில் பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்துவிட்டால் கிருத்திக்குக்குக்கூட அடி விழும்.

இங்கே ஒரு செயற்கை மலையின் உச்சியில் ஆளுயரப் பீப்பாய் ஒன்று நிரம்பி, சாய்ந்து, கீழே நிற்பவர்கள் தலையில் தொபீரென்று கொட்டியது. கொட்டியதும் மறுபடி நிரம்ப ஆரம்பித்தது. யோகப்பிரியாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். எவ்வளவு தண்ணீர்! பக்கத்தில் மஞ்சள் சட்டையில், விசிலோடு நின்ற பையனைக் கேட்டாள். ஜோபி என்று சட்டையில் எழுதியிருந்தது, நீந்தத் தெரியாதவர்களைக் காப்பாற்றுவது அவன் வேலை.

"இந்தத் தண்ணியெல்லாம் எங்கீங்க போகுது?"

"எங்கயும் போகாது சேச்சி. அடியில போய், சுத்தமாகி, அதே வெள்ளம் திரும்பி வரும். பன்னிரண்டு லட்சம் லிட்டர். மழைக்காலத்துல சேர்த்து வைக்கறது."

போன தண்ணீர் திரும்பி வரும்! இதைச் செய்து வைத்த மூளை எப்பேர்ப்பட்ட மூளை! கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் கரையில், நாலு ஜோடிச் செருப்புக்கும் மூன்று துண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். சிவப்பிரகாஷ் மகளோடு ரப்பர் வளையத்தில் சறுக்கி வந்து விழுந்தான். பதினொரு வருசத்தில் அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. தென்னைக்கு மருந்து வைக்கிற, மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற, நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுசன், வாயைப் பிளந்து கத்திக்கொண்டு வந்தான்.

இரண்டு நாற்பதுக்குப் போன் அடித்தது. வீடியோ கால்.

திரையில் முதலில் தெரிந்தது தன் மஞ்சள் பூப்போட்ட நைட்டி. அதற்கு மேலே பார்த்தால் மீசை. மாமனார் அப்புசாமி, வேட்டிக்கு மேலே அவள் நைட்டியை மாட்டிக்கொண்டு, அவள் தலையில் கட்டுகிற துண்டையும் கட்டிக்கொண்டு, உதைபட்டுக் கவிழ்ந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றார்.

"உன்ற வாசம் இருந்தா ஏமாந்துரும்னு பாத்தேன் அம்மிணி. ஏமாறல" என்றார். குரல் கம்மியிருந்தது. "மூணு தடவ உக்காந்தேன். பாலை அடக்கிக்கிட்டு நிக்குது. மடி கல்லாட்ட இருக்குது."

யோகப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்தாள். துண்டுகளைத் தட்டி மடித்தாள். தண்ணீருக்குள் இருந்த சிவப்பிரகாஷைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இப்போது பஸ் பிடித்தால் ஐந்துக்குள் போய்விடலாம். போனால் இன்றைக்குத் திரும்ப முடியாது. பிள்ளைகளும் அவரும் இருக்கட்டும்.

மௌனிகாவும் ஓடி வந்தாள். அம்மாவின் கையில் மடித்த துண்டைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. அழவில்லை. "நானும் வர்றேன்மா" என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மாமா, நீங்க விட்டுருங்க, நான் கெளம்பி வர்றனுங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னாள்.

"இரு இரு! இன்னொருக்கா பேசு!" என்று அப்புசாமி கத்தினார். "உன்ற சத்தம் கேட்டதும் காதைத் திருப்புது பாரு!"

படம் அங்கங்கே நின்று நின்று வந்தது. வீடியோவை விட்டு, சாதாரண காலில் வரச்சொன்னாள். அந்தப் பக்கம் போனை லவுட்ஸ்பீக்கரில் போட்டு, செவலையின் காதுக்குப் பக்கத்தில் பூவாத்தாள் பிடித்துக்கொண்டாள். அப்புசாமி உட்கார்ந்தார்.

யோகப்பிரியா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சுற்றிலும் ஈரத் துணியோடு அந்நிய மனிதர்கள். இவர்களுக்கு நடுவில் ஒரு மாட்டோடு பேசவேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏ செவலே. நான்தான்டி. காத்தால பஸ்ஸுல வந்தமா, கிருத்திக்கு வழியெல்லாம் தூங்கிட்டு வந்தான். எறங்குனதும் ஒட்டகச்சிவிங்கிகிட்ட நிக்கவெச்சு அளந்தாங்க, எனக்கு மானம் போச்சு, அத ஊட்டுக்கு வந்து சொல்றேன். ரூம் குடுத்திருக்கறாங்கடி. கட்டில் இருக்குது பாரு, உன்னியும் வெள்ளச்சியையும் சேத்துப் படுக்கப்போடலாம், அத்தன பெருசு. நான் இன்னும் உக்காரல, பயமா இருக்குது. ஒறம்பரைன்னு சொல்லி எனக்குக் கண்ணாடி டம்ளர்ல குடுத்தாங்க. எனக்குடி!"

"காலை மாத்தி நிக்குது. பேசு பேசு" என்று அப்புசாமியின் குரல்.

"தண்ணியச் சொன்னா நீ நம்பமாட்டே. நம்ம போர்ல நூலாட்ட வருமே, தொட்டி நெறையட்டும்னு நீயும் நானும் காத்துட்டு நிப்பமே. இங்க பீப்பாய்ல ரொப்பி மனுசங்க தலைல கொட்டறாங்க. சும்மா, வெளையாட்டுக்கு. கொட்டுன தண்ணி மறுக்கா வருமாமா. நீ, உன்ற கன்னு, அதுக்குப் பொறக்கற கன்னு, எல்லாரும் குடிச்சாலும் தீராது..."

அப்போது ஒரு சங்கு ஊதியது. எல்லோரும், சிவப்பிரகாஷும் பிள்ளைகளும்கூட, பெரிய குளத்தை நோக்கி ஓடினார்கள். யோகப்பிரியா கண்ணைத் திறந்தாள். குளத்தின் எதிர்ச்சுவர் முழுக்க ஒருமுறை நடுங்கியது. பிறகு தண்ணீர் எழுந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே வரம்பாக எழுந்து வந்தது. அவள் கடலைப் பார்த்ததே இல்லை. கோழிக்கோட்டுக்கு மூன்று தடவை பிளான் போட்டு மூன்று தடவையும் கறவை நேரம் குறுக்கே வந்திருந்தது.

"பேச்ச நிறுத்தாதே!" என்றார் அப்புசாமி.

"அலை வருதுடி செவலே! செவுத்துக்குள்ள இருந்து வருது! சமுத்தரத்தச் செஞ்சு வெச்சிருக்கறாங்க! மனுசங்க செஞ்சிருக்கறாங்கடி! வருது, வருது, மௌனியத் தூக்கிருச்சு, கிருத்திக்கு அப்பன் தோள்மேல இருக்கறான், எல்லாரும் மேல போறாங்க, எறங்கறாங்க, இன்னொண்ணு வருது, அதைவிடப் பெருசு..."

அவள் குரல் எங்கேயோ போயிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்ப்பதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. ஜோபி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றான். அலையின் இரைச்சலுக்கு நடுவே, காதோடு அழுத்திய போனுக்குள், அவளுக்கு ரொம்பவும் பழகிய ஒரு சத்தம் கேட்டது. வாளியில் பால் விழுகிற சத்தம். முதலில் வெறும் தகரத்தில், பிறகு நுரைக்குள்.

"விட்டுருச்சு" என்றார் அப்புசாமி, ரகசியம் சொல்வதுபோல. "நீ பேசு. நிறுத்தாதே."

அவள் பேசினாள். அலை அடங்கிய பிறகும் பேசினாள். மடி காலியாகும்வரை, கண்ணில் பட்ட ஒவ்வொன்றையும் சொன்னாள். முடிந்தபோது தொண்டை கட்டியிருந்தது. மடித்த துண்டுகளை எடுத்து மறுபடி விரித்துப்போட்டாள். மௌனிகா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் புடவை பூராவும் நனைந்துபோனது.

பொழுது சாய்ந்ததும் ரூமில் எலுமிச்சஞ்சாதம், சொந்தப் பாலில் டீ. கட்டிலின் ஓரத்தில் முதலில் அரைகுறையாக உட்கார்ந்தாள். பிறகு முழுசாக. காலை நாலேகாலுக்கு அலாரம் வைத்து, மூன்று சதவீதத்தில் இருந்த போனைச் சார்ஜில் போட்டாள். விடிகாலையிலும் இதேபோல் பேசிவிட்டால் தீர்ந்தது.

அங்கேதான் சிவப்பிரகாஷ் ஒரு காரியம் செய்தான். இடியில் இரண்டு மோட்டார் எரிந்ததிலிருந்து, படுக்கப்போகுமுன் மெயின் சுவிட்சை இறக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. அன்றைக்கும் தூரத்தில் இடி உருண்டது. அந்த ரூமில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையைச் செருகினால்தான் கரண்ட். அவன் அதைப் பார்த்தான், இதுதான் இங்கே மெயின் என்று உருவி எடுத்துப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டான்.

யோகப்பிரியா கண் விழித்தபோது சுவரில் வெயில் இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் புரியவில்லை. வெயில் வந்த பிறகு எழுந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. சிவப்பிரகாஷின் வாட்சில் ஏழு பத்து. அவள் போன் செத்துக் கிடந்தது. சிவப்பிரகாஷ் தன் போனைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டிலேயே விட்டு வந்திருந்தான்.

"அட்டைய எதுக்குங்க எடுத்தீங்க?" என்று அவள் கேட்ட விதத்தில் பிள்ளைகள் இரண்டும் எழுந்து உட்கார்ந்துவிட்டன. அட்டையைச் செருகி, போன் உயிர் வருகிறவரை அவள் நின்ற ஐந்து நிமிசம் இருக்கிறதே, அந்த நேரத்தில் அவள் செவலைக்கு மடிநோய் வரவைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, ஒரு காம்பை இழந்தும்விட்டாள்.

"மாமா, தூங்கிட்டனுங்க. போன் செத்துப்போச்சுங்க" என்றாள்.

"எத்தன மணிக்கு எந்திரிச்சே?"

"ஏழு தாண்டிருச்சுங்க."

"நல்லாத் தூங்குனியா?"

இப்படி ஒரு கேள்வியை அந்த வீட்டில் யாரும் அவளைக் கேட்டதில்லை. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"செவலைக்கு ஒண்ணுமில்ல அம்மிணி. நாலரைக்குக் கூப்ட்டேன், நீ எடுக்கல. அப்பத்தான் ரோசனை வந்துச்சு, நேத்து நீ பேசுனது போன்லயே கெடக்குதே! அதைப் போட்டு உட்டேன். ஒம்போது லிட்டர். அந்தச் சங்கு ஊதற எடம் வந்ததும் தலையத் தூக்கிப் பாக்குது, எங்கடா அலைன்னு. இந்தா, உங்கத்தை பேசோணுமாமா."

பூவாத்தாள் போனை வாங்கினாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. யோகப்பிரியா வருவதற்கு முன் முப்பது வருசம் அந்தச் சாளையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"ஏங்கண்ணு, நேத்து ஒருக்காக் கேட்டேன். இன்னிக்கு ரெண்டு தடவ போடச்சொல்லிக் கேட்டேன். சமுத்தரமாட்டவேவா இருக்குது?"

"ஆமாங்கத்தை."

"மௌனி எறங்குனா. என்ற பையன் எறங்குனான். கிருத்திக்கு அப்பன் தோள்ல இருந்தான்னு சொன்னே. எல்லாத்தையும் சொன்னே." பூவாத்தாளின் குரல் போனுக்கு இன்னும் கிட்டே வந்தது. "நீ எறங்குனதா எங்கியுமே சொல்லலியே கண்ணு."

யோகப்பிரியா விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எறங்குனியா?"

"இல்லீங்கத்தை. செருப்பு, துண்டெல்லாம் பாத்துக்கோணுமில்லீங்களா..."

"செருப்ப எவன் திருடறான்? இன்னிக்கு எறங்கு. மத்தியானம் கூப்டாதே, நாங்க போட்டுக்கறோம். போனை எங்கியாச்சும் வெச்சுப் பூட்டீரு."

கால் முடிந்த பிறகும் யோகப்பிரியா போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அதே பேச்சைக் கேட்ட மூன்று பேரில், செவலை அலையைக் கேட்டது, மாமனார் பால் சத்தத்தைக் கேட்டார். தன்னைத் தேடிக் கேட்டது அந்த ஒரு பொம்பளைதான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த வெள்ளை விரிப்பிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

காலைப் பலகாரத்துக்கு எட்டு மணிக்குப் போனவர்கள் பத்து மணிக்குத்தான் எழுந்தார்கள். புட்டு, ஆப்பம், இட்லி, வெட்டிவைத்த அன்னாசி. மத்தியானச் சாப்பாட்டை வாங்கத் தேவையில்லாதபடி சாப்பிட்டார்கள், அதுவும் மௌனிகாவின் திட்டத்தில் இருந்ததுதான். பதினொன்றுக்கு ரூமைக் காலி செய்து, பைகளை வரவேற்பறையில் வைத்தார்கள். தண்ணீருக்கு மாலைவரை அனுமதி உண்டு.

நைலான் துணிக்கு என்ன செய்வது? சிவப்பிரகாஷ் மாற்றுத்துணியாகக் கொண்டுவந்திருந்த ஊர் வாலிபால் கிளப் நைலான் பனியனை நீட்டினான். முதுகில் பெரிதாக ஏழாம் நம்பர். கீழே அவனுடைய இன்னொரு நைலான் பேண்ட், நாடாவை இறுக்கிக் கட்டி. பெண்கள் அறையிலிருந்து அவள் வெளியே வந்தபோது மூன்று பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. அவள் யாரையும் பார்க்கவில்லை. செருப்பு, துண்டு, தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கு, கடைசியாகப் போன், எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கையில் மாட்டிக்கொண்டாள்.

"சேச்சி, இன்னிக்குப் போன் இல்லையா?" என்றான் ஜோபி.

"இல்லீங்க தம்பி. இன்னிக்கு அவங்களே பாத்துக்குவாங்க" என்றாள்.

கணுக்கால் வரைக்கும் போனாள். முழங்கால் வரைக்கும் போனாள். ஜில்லென்று இருந்தது. ஒரு பக்கம் மௌனிகாவின் கை, இன்னொரு பக்கம் கிருத்திக்கின் கை. மேலே மலையில் மேகம் இறங்கி, சாரல் விழுந்தது. பழக்கதோசத்தில் வானத்தைப் பார்த்து நேரம் கணித்தாள். இரண்டரை இருக்கும். அங்கே இப்போது அப்புசாமி வாளியோடு உட்கார்ந்திருப்பார். பூவாத்தாள் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். அந்தச் சாளைக்குள் நேற்றைய அலை இன்னொரு முறை எழுந்துகொண்டிருக்கும்.

சங்கு ஊதியது. எதிர்ச்சுவர் நடுங்கியது. நேற்று தூரத்தில் வரம்பாகத் தெரிந்தது, இப்போது கண்ணுக்கு நேராக, ஆளுயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. பின்வாங்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றி முடிவதற்குள் அது வந்து அவளை அப்படியே தூக்கியது. காலுக்குக் கீழே தரை இல்லை. கையில் வேலை இல்லை. ஐயோ என்று கத்தினாளா, வேறு என்ன கத்தினாள் என்று அவளுக்கு ஞாபகமில்லை. பத்தடி தள்ளி நின்ற சிவப்பிரகாஷ் அவள் அப்படிக் கத்தி முதல் தடவையாகக் கேட்டான்.

அலை அவளைத் திரும்ப இறக்கிவிட்டது. மூக்கில் தண்ணீர், கண்ணில் தண்ணீர், முடி முகமெல்லாம் ஒட்டியிருந்தது. இதை எப்படிச் சொல்வது? செவலைக்குக்கூட இதைச் சொல்ல வார்த்தை இருக்குமா என்று தெரியவில்லை. நாளைக் காலை நாலரைக்கு உட்கார்ந்து, நிதானமாக, பூவாத்தாளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு யோசிக்கவேண்டும்.

"அம்மோவ், அடுத்தது வருது!" என்று கிருத்திக் கத்தினான்.

அவன் கையை உதறிவிட்டு, ஏழாம் நம்பர் பனியன் அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.